எம்.எல்.ஏ. கையெழுத்து இருந்தும் ஆதாரில் முகவரி ஏன் மாறவில்லை?

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா, ஆதாரில் முகவரி மாற்ற மூன்று நாள் கடையைச் சாத்தினார். முதல் நாள், எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடில் "இவர் எனது தொகுதியைச் சேர்ந்தவர், தெரிந்தவர்" என்று வாங்கிப் போன கடிதத்தை மையத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் சரியான படிவம்தான், ஆனால் சீல் போட்டோவின் மேல் விழவில்லை என்று மறுபடி அனுப்பினார்கள். எதுவுமே முதல் நாள் அவருக்குச் சொல்லப்படவில்லை. மூன்றாம் நாள் நானும் கூடப் போனேன்.

சொந்த வீடு இருப்பவருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. வாடகைக்கு இருப்பவரிடம் என்ன இருக்கிறது? கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம் என்றால் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். அப்படிப்பட்டவர்களுக்காக ஆதார் ஆணையம் ஒரு சான்றிதழ் படிவம் வைத்திருக்கிறது. எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், தாசில்தார், 'ஏ' பிரிவு கெஜட்டட் அதிகாரி போன்றவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அதுவே முகவரிச் சான்று. திட்டம் அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

லெட்டர்பேடு கடிதம் செல்லாது, எத்தனை பெரியவர் எழுதினாலும். ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் படிவமேதான் வேண்டும். அது இலவசம், ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கும் காசுக்கு மேல் யாருக்கும் தராதீர்கள். முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் தேவையில்லை. உங்கள் போட்டோவை ஒட்டிய பிறகு, கையெழுத்தும் சீலும் பாதி போட்டோவிலும் பாதி தாளிலுமாக விழ வேண்டும். அக்காவின் படிவத்துக்கு எம்.எல்.ஏ.வின் உதவியாளர் (பி.ஏ.) சீலைத் தூக்கியபோது, "அண்ணா, போட்டோ ஓரத்துல வையுங்க" என்று நான் கையால் காட்ட வேண்டியிருந்தது. ஊதா மை போட்டோவில் அக்காவின் கன்னத்தில் பாதியை மறைத்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கீழே கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, அலுவலக முகவரி, போன் எண் எல்லாம் நிரப்பியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். தேதியை வெறுமனே விட்டுவிடுவார்கள், அதையும் கேளுங்கள். அந்தத் தேதியிலிருந்து 3 மாதம்தான் படிவம் செல்லும். அடித்துத் திருத்தியிருந்தால் புதிதாக எழுதுங்கள், வெள்ளை மை போடாதீர்கள். மையத்துக்கு அசல் தாளையே எடுத்துப் போங்கள், ஜெராக்ஸ் எடுபடாது.

யாரிடம் போவது என்பதிலும் அலைச்சல் உண்டு. சென்னையில் மறுகுடியமர்த்தலில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போனவர்கள் பழைய பழக்கத்தில் பழைய தொகுதி எம்.எல்.ஏ.வைத் தேடி பஸ் ஏறுகிறார்கள். இப்போது அவர்கள் சோழிங்கநல்லூர் தொகுதி. புது முகவரிக்குப் பழைய தொகுதியில் கையெழுத்து கேட்டால் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். அவர்கள் முதலில் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையையும் ரேஷன் கார்டையும் தேடட்டும். புது முகவரி அதில் இருந்தால் யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

கவுன்சிலர் கையெழுத்துக்கும் இதே மதிப்பு என்பது பலருக்குத் தெரியாது. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுக்கும் ஒருவர் இருக்கிறார்; எம்.எல்.ஏ.வைவிடக் கைக்கு எட்டுகிறவர். ஆனால் அந்தப் பதவியும் காலியாகும். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலர்களே கிடையாது. ஆர்.கே. நகரில் அதே 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்தபின், 2017 டிசம்பர் இடைத்தேர்தல் வரை எம்.எல்.ஏ.வும் இல்லை. ஒரு வருஷம் அந்தத் தொகுதிக்காரர் இந்தப் படிவத்தை இருவரில் எவரிடமும் நீட்டியிருக்க முடியாது. தாசில்தார் அலுவலகத்திலோ "கவுன்சிலரைப் பாரும்மா" என்பார்கள்! யாரைப் போய்ப் பார்ப்பது?

தேர்தல் தேதி அறிவித்ததும் தொகுதி அலுவலகத்தைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். பள்ளி அட்மிஷன், பாஸ்போர்ட் என்று தேவை தெரிந்தால் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பதவி முடிந்தவரின் கையெழுத்து அன்றோடு சரி. "முன்னாள்" என்ற சீல் எதற்கும் உதவாது.

வீட்டில் ஒருவர் ஆதாரிலாவது சரியான முகவரி இருந்தால் இந்த வரிசையே வேண்டாம். அவரைக் 'குடும்பத் தலைவர்' என்று காட்டி, அவர் வழியாக ஆன்லைனில் மாற்றலாம். இரண்டு பேர் பெயரும் உறவும் உள்ள ஒரு ஆவணம் போதும், ரேஷன் கார்டு மாதிரி. அவருடைய போனுக்கு வரும் கோரிக்கைக்கு 30 நாளுக்குள் சம்மதம் கொடுக்க வேண்டும். சம்மதம் கொடுக்க மறந்து, கட்டிய பணமும் போய் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மையத்தில் வேலை முடிந்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மையத்தை விட்டு வருமுன் அதில் உங்கள் கதவு எண்ணையும் பின்கோடையும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். நிராகரித்துவிட்டதாக மெசேஜ் வந்தால், சீட்டில் உள்ள எண்ணைச் சொல்லி 1947-க்குப் போன் செய்து காரணம் கேளுங்கள். தமிழிலேயே பேசலாம்.