ஈரல் கொடுத்தும் தீராத மாலைக்கண்

கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டில் ஏழு மணிக்குக் கரண்ட் போனால் ஆளுக்கொரு பக்கம் டார்ச் தேடி ஓடுவோம். பஞ்சு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். திண்ணைக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு படி. முன்னங்காலை நீட்டி, காற்றில் துழாவிப் பார்த்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐந்து வயது ஆண் நாய், டாய் பூடில் என்ற பொடி வகை. பகலில் அதே படியைத் தாண்டிக் குதித்து, தென்னைக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் வரை ஓடிவிட்டு வரும்.

"மாலைக்கண்ணாட்ட இருக்குதுடா. ஆட்டு ஈரல் வாங்கிச் சுட்டுப் போடு, பத்து நாள்ல சரியாயிரும்" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

அத்தை நோயின் பெயரைச் சரியாகத்தான் சொன்னார். மருந்துதான் பொருந்தவில்லை. இருட்டில் பார்ப்பது விழித்திரையில் உள்ள குச்சி செல்களின் வேலை. வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்ப்பது கூம்பு செல்கள். குச்சி செல்லுக்குள் ரொடாப்சின் என்றொரு நிறமி இருக்கிறது, அதைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும். ஈரலில் அது கொட்டிக் கிடக்கிறது. சத்துக் குறைவால் வந்த மாலைக்கண் என்றால் ஈரலே மருந்து. பஞ்சுவின் கண்ணில் எண்ணெய் தீரவில்லை, அகலே விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. (ஈரலை மாதக்கணக்கில் தினமும் போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கி எலும்பைக் கெடுக்கும். அத்தையிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

இன்னொன்றையும் அக்கா கவனித்திருந்தாள். டார்ச் வெளிச்சம் பட்டால் பஞ்சுவின் கண் முன்னைவிடப் பளபளவென்று மின்னியது. பார்வை மங்கும்போது கண் எப்படிப் பிரகாசமாகும்? நாய், மாடு, பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. செல்கள் பிடிக்கத் தவறிய ஒளியை அது திருப்பி அனுப்பும், இரவில் ரோட்டோரத்தில் பச்சையாக மின்னுவது அதுதான். விழித்திரை மெலிந்துபோனால் நடுவே ஒளியைப் பிடிக்க ஆளில்லை. வந்தது அப்படியே திரும்பிவிடுகிறது.

சித்தூர் டாக்டர் அந்த மினுக்கத்தைப் பார்த்ததுமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். (ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். இதைச் சொல்லாவிட்டால் கூகுள் மேப்பே குழம்பும்.) அவர் மலையாளத்தில் 'நிசாந்தத' என்றார், அத்தை 'மாலைக்கண்' என்றார், சீட்டில் 'பிஆர்ஏ' என்று எழுதியிருந்தது. விழித்திரை படிப்படியாகச் சிதைகிற நோய். முதலில் குச்சி செல்கள் போகும், பிறகு கூம்பு செல்கள். வலி இருக்காது. நிறுத்த மருந்தும் கிடையாது.

குச்சி செல்லின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தால் தோசை அடுக்கி வைத்ததுபோல நூற்றுக்கணக்கான தட்டுகள் தெரியும். ரொடாப்சின் இருப்பது அந்தத் தட்டுகளில்தான். அடியில் தினமும் புதுத் தட்டுகள் சேரும், மேலே பழையவை உதிரும். சுமார் பத்து நாளில் முழு அடுக்கும் புதிதாகிவிடும். இந்த வேலைக்குத் தேவைப்படும் புரதங்களில் ஒன்றின் பெயர் பிஆர்சிடி. புரதங்களில் இது பொடியன், மொத்தமே 54 அமினோ அமிலங்கள். அதில் இரண்டாவதாக இருக்கும் சிஸ்டீனில் கொழுப்பு வால் ஒன்று ஒட்டிக்கொண்டு, புரதத்தைத் தட்டின் படலத்தில் கொக்கி போல மாட்டி வைக்கிறது. நாயின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 240 கோடி எழுத்துகள். அவற்றில் இந்தப் புரதத்துக்கான ஜீனில் ஒரே ஓர் எழுத்து, 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' வந்துவிட்டது. சிஸ்டீன் போய் டைரோசின் வந்தது. கொக்கி இல்லாத புரதம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே சிதைந்துவிடுகிறது.

இந்த எழுத்துப்பிழையை 2006இல் கண்டுபிடித்தார்கள். அப்போது வியப்பான இன்னொன்றும் தெரியவந்தது. அதே ஜீனில், அதே இடத்தில், அதே பிழை பார்வை மங்கிய வங்கதேசத்துப் பெண் ஒருவரிடமும் இருந்தது. பூடிலுக்கு மட்டுமே உரிய வியாதியும் இல்லை இது. லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் என்று பல இனங்களில் இதே பிழை ஓடுகிறது. பிழை மிகப் பழையது, இனங்கள் பிரிவதற்கு முன்பே வந்தது என்பதற்கு அது ஒரு சான்று. நாயின் மரபணுத் தொகுதி முதன்முதலாக வாசிக்கப்பட்டதும் ஒரு பூடிலிடம்தான். விஞ்ஞானி கிரெய்க் வென்டர் வளர்த்த 'ஷேடோ'வின் தொகுதி 2003இல் அரைகுறை வரைபடமாக வெளிவந்தது. முழுமைக்கு நெருங்கியது 2005இல், டாஷா என்ற பாக்ஸர் பெண் நாயிடமிருந்து.

சரி, தாயும் தகப்பனும் நன்றாகத்தானே பார்த்தார்கள்? பஞ்சுவை விற்றவரும் போனில் அதைத்தான் சொன்னார்: "எங்க லைன்ல இதுவரைக்கும் ஒண்ணுக்கும் கண்ணு போனதில்லைங்க." அவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைச் சமாளித்துவிடும். அப்படிப்பட்ட நாயைச் சுமப்பி என்று வைத்துக்கொள்வோம். சுமப்பிக்குக் கண் கடைசி வரை தெரியும். இரண்டு சுமப்பிகள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியும் கெட்டது வரும். டாய் பூடில் ஈற்றுக்குப் பத்துக் குட்டி போடுகிற ஜாதி இல்லை. நாலு குட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டால், நாலில் ஒன்றுகூடப் பாதிக்கப்படாமல் தப்ப 256இல் 81 வாய்ப்பு, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு ஈற்று. பாதிக்கப்பட்ட குட்டியோ பெரும்பாலும் மூன்று, நான்கு, ஐந்து வயதில்தான் தடுமாற ஆரம்பிக்கும். அதற்குள் விற்றவரின் நம்பரே மாறியிருக்கும், குட்டிக்கும் குட்டிகள் பிறந்திருக்கும்.

சுமப்பியும் சுமப்பியும் ஏன் இவ்வளவு சுலபமாகச் சந்திக்கின்றன என்பதை நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சொந்தத்தில் பெண் எடுக்கிற வழக்கம் நமக்கே உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அவர்கள் பிள்ளைக்கு ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 6.25 சதவீதம். தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் 12.5. நாய் வளர்ப்பில் பரிசு வாங்கிய ஆண் நாயை அதன் மகளோடே சேர்ப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது, அதில் 25. மாடு வளர்த்த நம் பெரியவர்கள் ஒரே பொலிகாளையை அது போட்ட கிடாரிகளுக்கே மறுபடி விடமாட்டார்கள், வேறு ஊரிலிருந்து காளை பிடித்து வருவார்கள். அந்தப் புத்தி காளை விஷயத்தில் இருந்தது, நாய் விஷயத்தில் வரவில்லை. 'டீகப் பூடில்' என்று சொல்லி விற்பவர்களிடம் அது சுத்தமாக இல்லை என்பது என் கருத்து. கென்னல் கிளப்புகளின் அளவுப் பட்டியலில் டீகப் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஈற்றிலேயே பொடிசான குட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்தால் கிடைப்பதற்கு வைத்த விற்பனைப் பெயர் அது.

இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் ஜீன் சோதனை என்னவோ எளிது. ஆய்வகத்திலிருந்து பஞ்சு சுற்றிய நீளமான குச்சி ஒன்று வரும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகு கன்னத்தின் உள்பக்கம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில், அரை நிமிடம் உருட்டித் தேய்க்க வேண்டும். எச்சில் நமக்குத் தேவையில்லை, தேய்ப்பில் உரியும் செல்கள்தான் வேண்டும். பால் குடிக்கும் குட்டி என்றால் முதலில் தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டியின் வாயில் தாயின் செல்லும் கலந்திருக்கும். பிறகு காற்றில் காயவிட்டுக் காகித உறையில் போட வேண்டும். நான் முதல் தடவை ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பி, மாதிரி கெட்டுப்போய், இரண்டாம் தடவை பஞ்சுவின் வாயைத் திறந்தேன். அது என்னை மன்னிக்கவில்லை.

ஆய்வகத்தில் அந்தச் செல்களிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, பிஆர்சிடி ஜீனின் அந்தச் சிறு துண்டை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பு. முப்பது சுற்று சரியாக நடந்தால் ஒரு துண்டு 107 கோடிக்கு மேலாகும். அப்புறம் அந்த ஓர் எழுத்தைப் படித்தால் போதும். இரண்டு பிரதியிலும் 'ஜி' என்றால் பிழையில்லாத நாய், ஒன்று 'ஜி' ஒன்று 'ஏ' என்றால் சுமப்பி, இரண்டும் 'ஏ' என்றால் பாதிக்கப்பட்டது. பஞ்சுவுக்கு இரண்டும் 'ஏ'.

இந்தச் சான்றிதழைக் காட்டி 'ஜீன் டெஸ்ட் எடுத்த நாய்' என்று விற்கும்போது எதையோ மொத்தமாக உத்தரவாதம் செய்ததுபோல ஒலிக்கிறது. கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும் சோதனை இது. விழித்திரைச் சிதைவிலேயே பல வகை உண்டு. பெரிய வகையான ஸ்டாண்டர்டு பூடிலில் வேறொரு ஜீனில் வரும் வகைக்குத் தனிச் சோதனை இருக்கிறது. டாய் பூடிலின் முழங்கால் சில்லு இடம் நழுவுவதற்கு ஒற்றை ஜீன் சோதனை கிடையாது. நாலு எட்டு ஓடி, ஒரு பின்னங்காலைத் தூக்கி மூன்று காலில் குதித்து, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி நாலு காலில் ஓடும் நாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்டாண்டர்டு பூடிலை வாட்டும், அட்ரீனல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோய்க்கும், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அழியும் நோய்க்கும், வயிறு ஊதித் திருகிக்கொள்வதற்கும் கன்னக் குச்சி பதில் வைத்திருக்கவில்லை. பல ஜீன்களும் சூழலும் சேர்ந்து செய்யும் வேலை அவை.

இரத்தக்கசிவு நோய் ஒன்றில் எங்கள் பக்கத்துக்கே உரிய குழப்பமும் உண்டு. வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் குறைவாக இருக்கும் பூடில்களுக்குக் காயம் பட்டால் இரத்தம் சீக்கிரம் உறையாது, கருத்தடை அறுவையின்போதுதான் பலருக்கும் விஷயம் தெரியவரும். இதற்கு ஜீன் சோதனை இருக்கிறது. ஆனால் உண்ணி மண்டிய ஊரில் நாய்க்கு மூக்கில் இரத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்லிக்கியா கிருமியை. அது இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அவசரமாக வேண்டியது இரத்தப் பரிசோதனை, ஜீன் சோதனை அப்புறம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு சுமப்பிகளை ஒதுக்குவது. சுமப்பியைப் பிழையில்லாத நாயோடு சேர்த்தால் குட்டிகளில் ஏறக்குறைய பாதி சுமப்பி, பாதி சுத்தம், ஒன்றுகூடக் குருடாகாது. சுமப்பியையெல்லாம் கழித்துக்கட்டினால் மிச்சமுள்ள சில நாய்களிலிருந்தே அடுத்த தலைமுறை முழுவதும் வர வேண்டியிருக்கும், அப்போது இன்னும் பெயர் தெரியாத வேறொரு பிழை பெருகும். இந்தப் பிழையை ஓட்டிவிட்டு அதைக் கூப்பிட்டு உட்கார வைத்த கதைதான்.

பஞ்சுவுக்குக் கண் மங்கும் முன்பே சித்தூரில் ஒரு வீட்டில் அதற்குக் குட்டிகள் பிறந்துவிட்டன. அதில் ஒன்று, மல்லி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மல்லிக்கு ஒரு 'ஏ' உறுதி, பஞ்சுவிடம் கொடுக்க வேறு எழுத்தே இல்லை. இன்னொரு எழுத்து தாயின் கையில். தாயின் கன்னத்தைத் தேய்த்து அனுப்பினோம், இரண்டும் 'ஜி' என்று வந்தது. ஆக மல்லி சுமப்பி, கண்ணுக்கு இந்த வழியில் ஆபத்தில்லை. மல்லியின் வீட்டுக்காரர் உடனே, "அப்ப குட்டி போடலாங்களா?" என்று கேட்டார். போடலாம், ஆண் நாயின் பேப்பரைப் பார்த்துவிட்டு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஆண் பூடில் இருக்கிறதாம். அதன் குச்சி, இந்த முறை நன்றாகக் காய்ந்து, காகித உறையில் தபாலில் போயிருக்கிறது.

அக்கா திண்ணையிலிருந்து முற்றம் வரை தேங்காய்நார் மிதியடிகளை வரிசையாகப் போட்டிருக்கிறாள். பாதத்தில் நார் குத்தும் வரை பஞ்சு நடக்கும். படிக்கு ஒரு சாண் முன்னால் மிதியடி முடிகிறது, அங்கே நின்றுவிடும். பர்னிச்சரை இடம் மாற்றக் கூடாது என்று அத்தைக்கும் உத்தரவு. அவர் இன்னும் வாரம் ஒரு துண்டு ஈரல் கொண்டுவருகிறார். வாரம் ஒன்று பரவாயில்லை.