ஓவியத்தைப் படமெடுக்கும்போது விழும் வெள்ளைப் பளபளப்பு

மாலையில் மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் நின்று வாவியைப் பார்த்தால், சூரியனுக்கு நேரே உள்ள நீர்ப்பட்டை மட்டும் கண்ணைக் கூசச் செய்யும். சற்று விலக்கிப் பார்த்தால் அதே நீரின் சொந்த நிறம் தெரியும். வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியமும் இப்படித்தான். மேற்பூச்சில் பட்ட ஒளி, படுகோணத்துக்குச் சமமான தெறிகோணத்தில் திரும்பும். அதில் விளக்கின் வெண்மை மட்டுமே இருக்கும். உள்ளே புகுந்து நிறத்துகள்களில் பட்டுச் சிதறி வரும் ஒளியே ஓவியத்தின் நிறத்தைச் சுமந்து வரும். கமெராவுக்குள் போக வேண்டியது இந்த இரண்டாவது ஒளி. கமெராவிலுள்ள பிளாஷ் நேரே போய் நேரே திரும்புவதால் அதை அணைத்துவிட வேண்டும்.

3 அடி அகல ஓவியத்துக்கு, ஒரே வகையான இரண்டு எல்இடி விளக்குகளை இருபுறமும் 45 பாகையில், 5 அல்லது 6 அடி தள்ளி வையுங்கள். இரவில் எடுப்பது நல்லது. யன்னல் வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் நீலம் பாயும். ஓவியத்தின் நடுவில் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள்: இருபக்க நிழல்களும் ஒரே கருமையில் விழுந்தால் வெளிச்சம் சமம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான குமிழ்கள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். படத்தில் பட்டைகள் விழாமலிருக்க கமெராவுக்குள் ஒளி புகும் நேரத்தை 1/50 செக்கனாகவோ அதிலும் நீளமாகவோ வைத்து, முக்காலியில் எடுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஓரங்கள் மினுங்கினால், பெரும்பாலும் கமெரா கிட்ட நிற்பதுதான் காரணம். கைபேசியின் அகலக்கோண வில்லை ஓரங்களை மிகச் சரிவாகப் பார்ப்பதால் அங்கே விளக்கின் தெறிப்பு மாட்டிக்கொள்கிறது. பின்னே போய் 2 மடங்கு வில்லையால் எடுங்கள். விளக்குகளை ஓவியம் இருக்கும் சுவரை நோக்கி நகர்த்தி, ஒளியை இன்னும் சாய்வாக விழச் செய்தால் ஓரத் தெறிப்பு விலகும். ஆனால் தடித்த தூரிகைத் தடங்களின் முகடுகள் பொட்டுப் பொட்டாக மின்னத் தொடங்கும். கருமையான ஓவியத்தில் படமெடுப்பவரின் வெள்ளைச் சட்டைகூடத் தெரியும். கமெராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுவது அதற்காகவே.

முகடுகளின் மினுக்கத்தைக் கோணத்தால் மட்டும் ஒழிக்க முடியாது, முனைவாக்கம்தான் வழி: அதாவது ஒளியலைகளை ஒரே திசையில் மட்டும் அதிரச் செய்வது. இரு விளக்குகளின் முன்னும் முனைவாக்கித் தாள்களை ஒரே திசையில் மாட்டி, கமெரா வில்லையின் முன் மாட்டிய முனைவாக்கி வடிகட்டியை அதற்குச் செங்குத்தாகும் வரை திருப்புங்கள். மேற்பரப்பில் தெறித்த ஒளி தன் முனைவைக் காத்துக்கொண்டு வருவதால் வில்லையில் தடுக்கப்படும். உள்ளே சிதறியது முனைவை இழந்திருப்பதால் அதில் பாதி கடந்துவிடும். வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும், ஆகவே செக்கனைக் கூட்ட வேண்டும். சூடேறும் ஹலஜன் விளக்கில் தாள் சுருங்கிவிடும்.

தங்கத்தாள் ஒட்டிய சாமி படங்களுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். உலோகத்தின் ஒளி முழுவதும் மேற்பரப்புத் தெறிப்பே என்பதால், பொன் கருகியதுபோல் ஆகிவிடும்.