குழாய்த் தண்ணீரால் நோயா? புகார் எண்ணை மட்டும் நம்பியிருக்காதீர்கள்

தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 27ஆம் பிரிவு, போதிய தண்ணீரை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. டர்பன் பகுதியில் அதை வீடு வரை கொண்டுவருவது நகராட்சியின் கடமை. அடிப்படை இவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கலங்கிய குழாய்த் தண்ணீரைக் குளிர்பான பாட்டிலில் பிடித்து, தேதியை எழுதி ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். வீட்டுக்காரர் வயிற்றுப்போக்கோடு நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். நகராட்சிக் கவுன்டரில், "தண்ணீர் அனுப்புவது வாரியம்" என்றார்கள். நகராட்சிக்குத் தண்ணீரை மொத்தமாக விற்கும் அமைப்பு அது. வாரியத்திலோ, "குழாய் நகராட்சியுடையது" என்றார்கள். கடைசியில் ஒரு புகார் எண் கிடைத்தது. அதை நம்பி எட்டு மாதம் காத்திருந்தார். வழக்கறிஞரிடம் போனபோது கெடு முடிந்திருந்தது.

புகார் எண் சட்டப்படியான அறிவிப்பு ஆகாது. 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி, நகராட்சியிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட வேண்டுமானால், 6 மாதத்துக்குள் நகராட்சி மேலாளருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். நோய் கண்ட நாளிலிருந்தே நாளை எண்ணுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். ஆனால் அதற்குத் தனி மனு, தனிச் செலவு.

வீட்டுப் பாட்டிலில் பிடித்த தண்ணீரும் சாட்சியாக நிற்காது. கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். மீட்டருக்கு அருகிலுள்ள குழாயில் பிடியுங்கள். ஜோஜோ தொட்டியிலிருந்து (வீட்டில் தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) பிடித்தால் தொட்டியின் மீதே பழி போடுவார்கள். மருத்துவரிடம் மலப் பரிசோதனை முடிவையும் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால், "வெளியே என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

நகராட்சியின் சொந்தச் சோதனை முடிவுகளை, 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். 100 மில்லி தண்ணீரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தேசியத் தரம். ஆபத்து தெரிந்தால் மக்களை எச்சரிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எந்தத் தேதியில் எச்சரித்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

குழாய் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 லிட்டர் குடிநீர் கிடைக்க வேண்டும். தண்ணீர் லாரி வரவில்லையென்றால் அந்த நாட்களைக் குறித்து வையுங்கள்.

கோபத்தில் பில் கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். மறுக்கும் தொகையை மட்டும் எழுத்தில் மறுத்து, மீதியைக் கட்டுங்கள். ஒன்றும் எழுதாமல் நிறுத்தினால் கடன்காரர் என்று பெயர் வைப்பார்கள், இணைப்பும் போகும்.