ஒரு நாளைக்கு 60 நிமிடம்: பிள்ளைகளின் விளையாட்டு உரிமை

பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது விளையாட்டு பீரியட்தான். வகுப்பில் பேசியதற்குத் தண்டனையாகவும் அதைத்தான் பிடுங்குகிறார்கள். நல்ல பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரிசு என்று அதை நினைப்பதால் வந்த பழக்கம் இது. ஆனால் அது எழுத்தில் இருக்கும் உரிமை.

ஐ.நா. பொதுச்சபை 1989-இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் வயதுக்கேற்ற விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்கிறது. அமெரிக்கா தவிர ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாமே அதில் சேர்ந்திருக்கின்றன. உடற்கல்வியும் விளையாட்டும் எல்லோருக்கும் அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ சாசனமும் சொல்கிறது. 1978-இல் வந்த அது 2015-இல் திருத்தப்பட்டது. உடன்படிக்கை அரசுகளைக் கட்டுப்படுத்தும், சாசனத்துக்கு அந்தச் சட்ட வலு இல்லை. அதனால் பள்ளியில் போய்க் கேட்பதற்கு, உங்கள் நாட்டுப் பாடத்திட்டம் உடற்கல்விக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு நேரம் வேண்டும்? 5 முதல் 17 வயது வரை, வாரம் முழுக்கக் கணக்கிட்டால் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். 'சராசரி' என்பதைக் கவனியுங்கள். தேர்வு நாளில் குறைந்தால் குற்றமில்லை, மறுநாள் கூடுதலாக ஆடலாம். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. வேக நடை, சைக்கிள், நடனம் எல்லாம் சேரும். பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதவில்லை என்றால் வேகம் சரி. வாரத்தில் 3 நாளாவது நன்றாக மூச்சு வாங்கும்படி ஓட வேண்டும். தசைக்கும் எலும்புக்கும் வலுத் தரும் கயிறு தாண்டுதல், ஏறுதல், குதித்தல் போன்றவையும் வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இதே அளவுதான். அவர்களை ஓரமாக உட்கார வைத்து 'பார்த்துக்கொண்டிரு' என்பது பெரிய அநியாயம்.

நிலைமை நன்றாக இல்லை. 2016-ஆம் ஆண்டுக் கணக்கில், உலகில் 11–17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் தினமும் 60 நிமிடம் என்ற அப்போதைய அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டி மாற்ற முடியாது. அதே உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தங்களைப் பற்றிய விஷயங்களில் பிள்ளைகளின் கருத்தையும் கேட்டு மதிக்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால், இளையவர்களை மைதானத்துக்குக் கொண்டுவரும் வழி அங்கேதான் இருக்கிறது. எந்த விளையாட்டு பிடிக்கும், எந்த நேரம் வசதி, எதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று அவர்களிடமே கேட்க வேண்டும். உடை மாற்ற மறைவான இடம் இல்லாததால் ஒதுங்கும் பெண், கடைசி ஆளாக அணியில் சேர்க்கப்படும் அவமானத்துக்குப் பயந்து வயிற்றுவலி என்று சொல்லும் பையன் — இவர்களுக்கு அறிவுரையால் ஆவது ஒன்றுமில்லை, ஏற்பாடுதான் மாற வேண்டும்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: இந்த மாதம் எத்தனை விளையாட்டு பீரியட் நடந்தது, எத்தனை வேறு பாடத்துக்குப் போனது, அவை எப்போது திரும்பக் கிடைக்கும்?