ஃபெராரி: கொல்லர் வீட்டுப் பெயர்

ஃபெராரி என்றதும் சிவப்புக் கார்தான் கண்முன் வரும். சொல்லுக்குள் இருப்பதோ கொல்லன் பட்டறை.

லத்தீனில் இரும்புக்கு ‘ஃபெர்ரும்’ என்று பெயர். இரும்பு வேலை செய்பவர் ‘ஃபெர்ராரியுஸ்’. அது இத்தாலியில் ‘ஃபெர்ராரோ’ என்று தேய்ந்து, கடைசியில் ஓர் ‘இ’ ஏறிக் குடும்பப் பெயரானது. அந்த ‘இ’ இத்தாலிய மொழியில் பன்மை விகுதி. ஆகவே ஃபெராரி என்பது ஒரு கொல்லனைக் குறிக்காது. ‘கொல்லர் வீட்டார்’ என்று ஒரு குடும்பத்தையே குறிக்கும். கொல்லன் இல்லாத ஊர் ஏது? இத்தாலியில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் இதுவும் ஒன்றாக இருப்பது அதனால்தான். வடமேற்கே பியட்மான்ட் பக்கம் இதே பெயர் ‘ஃபெரேரோ’. தங்க நிறத் தாளில் சுற்றி வருகிற சாக்லேட்டில் அச்சாகியிருப்பதும் கொல்லர் பெயர்தான்!

இந்தப் பெயரில் முதலில் புகழ் பெற்றவர்களுக்கும் காருக்கும் சம்பந்தமில்லை. கௌதென்சியோ ஃபெராரி ஓவியர், 1546இல் இறந்தவர். லொதோவிகோ ஃபெராரி கணித மேதை. 1522இல் பொலோன்யாவில் பிறந்து, 14 வயதில் மிலானில் கார்தானோ என்ற அறிஞர் வீட்டுக்கு வேலைக்காரனாகப் போன பையன். பையனின் சூட்டிகையைப் பார்த்த எஜமானர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 20 வயது ஆவதற்குள்ளேயே நாற்படிச் சமன்பாட்டை (தெரியாத எண்ணின் நான்காம் அடுக்கு வரும் கணக்கை) தீர்க்கும் வழியைப் பையன் கண்டுபிடித்துவிட்டான். 1548 ஆகஸ்ட் 10 அன்று மிலானில், அக்காலத்தின் பெரிய கணிதர் தார்தாலியாவோடு ஊர் கூடி நிற்க வாதம் நடந்தது. தார்தாலியா முடிவு வரும் முன்பே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். 1565இல் ஃபெராரி இறந்தார். கூடப் பிறந்தவளே நஞ்சு வைத்தாள் என்றொரு பேச்சு உண்டு.

அப்புறம்தான் என்சோ ஃபெராரி, 1898இல் மொதேனாவில் பிறந்தவர். பெயரும் தொழிலும் பிரிந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகு, இவர் வீட்டில் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொண்டன. அப்பா உலோகப் பட்டறை வைத்து ரயில்வேக்குச் சாமான்கள் செய்து கொடுத்தவர். முதல் உலகப் போரில் மகனை மலைப் பீரங்கிப் படையில் சேர்த்து என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிக்கிற வேலை. அசல் ஃபெராரி வேலை!

1929இல் அவர் தொடங்கிய பந்தய அணி ‘ஸ்குதேரியா ஃபெராரி’. முதலில் ஆல்ஃபா ரோமியோ கார்களைத்தான் ஓட்டினார்கள். 1939இல் ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்தை விட்டு அவர் விலகியபோது, நான்கு ஆண்டுகளுக்குத் தன் சொந்தப் பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை. அப்பன் பாட்டன் பெயருக்கே பூட்டு. ஃபெராரி பெயர் தாங்கிய முதல் கார் வெளிவர 1947 ஆனது. 1988இல் அவர் மறைந்தார்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஆள் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஃபெராரி என்றே எழுதலாம். பொருள் சொல்ல வேண்டுமானால் ‘இரும்புக்காரர்’ என்று புதிதாக உருட்ட வேண்டாம், கொல்லர் என்ற சொல் கையில் இருக்கிறது. கொலைக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். ‘கொல்’ என்றாலே உலோகம், உலோக வேலை என்று பழைய பொருள் உண்டு. பொன் வேலை செய்பவரும் பொற்கொல்லர் ஆனதால், இரும்புக்கு மட்டும் என்று அழுத்திச் சொல்லக் கருங்கொல்லர் அல்லது கருமான் எனலாம். ‘அர்’ விகுதி பன்மைக்கும் மரியாதைக்கும் சேர்த்தே வருவதால், இத்தாலிய ‘இ’க்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஸ்குதேரியா என்றால் குதிரை லாயம். சின்னத்தில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் கறுப்புக் குதிரை, போரில் இறந்த விமானி பராக்காவின் விமானத்தில் இருந்தது. ஆக, ‘ஸ்குதேரியா ஃபெராரி’யை அப்படியே தமிழாக்கினால்: கொல்லர் வீட்டு லாயம்.