'மெலிந்த கலவை' அல்ல, பற்றாக்கலவை

"அமைப்பு மிகவும் மெலிந்தது, வங்கி 1." அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர், தன் பழைய வி8 பிக்கப் வண்டியில் எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் காட்டிய பி0171 என்ற கோளாறுக் குறியீட்டுக்குத் தமிழில் கிடைத்த விளக்கம் என்று இதை அனுப்பியிருந்தார். கூடவே பி0174 வந்திருந்தது. அதற்கும் இதே விளக்கம்தான், 'வங்கி 2' என்ற மாற்றத்தோடு. 'மெலிந்த கலவை', 'எஞ்சின் மெலிந்து ஓடுகிறது' என்று எத்தனையோ காணொளிகளிலும் கையேடுகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

முதலில் பொருள். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றின் பங்கு அதைத் தாண்டினால் ஆங்கிலத்தில் 'லீன்', அதற்குக் கீழே இறங்கினால் 'ரிச்'. இந்த 'லீன்'தான் தமிழில் 'மெலிந்த' ஆகியிருக்கிறது. 'லீன்' என்பது பழைய ஆங்கிலத்தின் 'ஹ்லேனே' என்ற உரிச்சொல்லில் இருந்து வந்தது. சாய்தல் என்ற பொருளில் வரும் 'லீன்' வேறு சொல். இது தெரியாமல் 'எஞ்சின் சாய்ந்து ஓடுகிறது' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். கொழுப்பில்லாத இறைச்சியையும், உலோகம் குறைந்த தாதுவையும் ஆங்கிலத்தில் 'லீன்' என்கிறார்கள். மதிப்புள்ள பகுதி குறைந்திருக்கிறது என்பதுதான் அங்கெல்லாம் பொருள். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

'மெலிந்த' என்ற சொல்லோடுதான் என் சண்டை. தமிழில் மெலிவது உடம்பு. காய்ச்சலில் மெலிவான், கவலையில் மெலிவாள், வலியார் முன் மெலியார் நிற்பார். சொல்லைக் கேட்டதும் பலம் போய்விட்டது என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். நண்பரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எஞ்சின் வயதாகித் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக் கம்ப்ரெஷன் பார்த்தார், ஸ்பார்க் பிளக் எட்டையும் மாற்றினார், இன்ஜெக்டரைக் கழுவும் மருந்தை டேங்கில் ஊற்றினார். மூன்று வார விடுமுறை போனது, குறியீடு போகவில்லை. அவர் மேல் தப்பில்லை. 'எது மெலிந்தது?' என்று கேட்டால் அந்தச் சொல்லிடம் பதில் கிடையாது. லீன் என்பது ஒரு பொருளின் நிலை அல்ல, இரண்டு பொருளுக்கு நடுவே உள்ள கணக்கு. அந்தக் கணக்கைத்தான் 'மெலிந்த' விழுங்கிவிடுகிறது.

சரி, வேறு சொற்கள்? 'நீர்த்த கலவை' என்று சிலர் எழுதுகிறார்கள். நீர்த்த அமிலம், அடர் அமிலம் என்று பள்ளியில் படித்த பழக்கம். வேதியியலில் அது நல்ல சொல், எனக்கு அதில் குறையே இல்லை. எஞ்சின் பக்கம் வந்தால் ஆபத்து. பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிடுவது தனியாக ஒரு கோளாறு. 'எரிபொருள் நீர்த்துவிட்டது' என்று படிக்கிறவர் முதலில் டேங்கைத்தான் வடிப்பார்.

'காற்றுமிகு கலவை' இவற்றைவிட மேல். காற்று, மிகுதி என்று கணக்கைத் தொடுகிறது. நானே சில காலம் அதைத்தான் எழுதிவந்தேன். ஆனால் அது குற்றவாளியை முன்கூட்டியே பிடித்துக் கொடுத்துவிடுகிறது. காற்று எங்கிருந்தோ கூடுதலாக நுழைந்தாலும் இந்தக் குறியீடு வரும். காற்று சரியாக இருந்து, பம்ப் தளர்ந்தோ ஃபில்டர் அடைத்தோ பெட்ரோல் குறைந்தாலும் இதே குறியீடுதான் வரும். இரண்டுக்கும் இடம் விடுகிற சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம் ஒர்க்‌ஷாப்புகளில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில், பிளக்கைக் கழற்றி வெளுத்துப்போன முனையைப் பார்த்துவிட்டு மெக்கானிக் சொல்வார்: "பெட்ரோல் பத்தல சார். சோக்கை இழுத்தா சரியா ஓடுது பாருங்க." பத்தல, அதாவது பற்றவில்லை. இந்த வினையின் அழகைக் கவனியுங்கள். பற்றாமை தனியாக நிற்காது, எதற்குப் பற்றவில்லை என்ற கேள்வியோடுதான் வரும். சம்பளம் பற்றவில்லை என்றால் செலவோடு ஒப்பிட்டுத்தான். பெட்ரோல் பற்றவில்லை என்றால் உள்ளே வந்த காற்றோடு ஒப்பிட்டுத்தான். காற்று கூடியதா, பெட்ரோல் குறைந்ததா என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. கணக்கு இடிக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

ஆகவே பற்றாக்கலவை. பற்றாக்குறை எப்படி அமைந்ததோ அப்படியே அமைந்தது, இலக்கணமும் இடிக்கவில்லை. எதிர்ச்சொல் மிகைக்கலவை. தீப்பற்றுவதோடு குழம்பாதா என்று கேட்டால், குழம்பினாலும் நஷ்டமில்லை. பெட்ரோல் அளவுக்கு மீறிக் குறைந்தால் கலவை உண்மையிலேயே சரியாகத் தீப்பற்றாது, எஞ்சின் தட்டுத் தடுமாறும். முதல் முறை எழுதும்போது 'எரிபொருள் பற்றாக்கலவை' என்று விரித்துவிட்டால் போதும்.

அப்புறம் அந்த 'வங்கி'. வி8 எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு நான்காக இரண்டு வரிசையில் இருக்கும். ஒவ்வொரு வரிசையையும் ஆங்கிலத்தில் 'பேங்க்' என்கிறார்கள். வரிசை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது பணம் போடும் இடத்தை எழுதி வைத்ததில், கண்டுபிடிக்க உதவும் பெரிய தடயமே மறைந்துபோனது. இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில் பற்றாமை வந்தால், கோளாறு பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்கும்.

நண்பரிடம் இதைச் சொல்லி, ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் பார்க்கச் சொன்னேன். பற்றாமையை ஈடுகட்ட எஞ்சின் கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும் எண் அது. ஐடிலிங்கில் இரண்டு வரிசையிலும் 25 சதவீதம். 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 5. பம்ப்பிலோ ஃபில்டரிலோ கோளாறு இருந்தால் இது தலைகீழாக, லோடு ஏற ஏற மோசமாகியிருக்கும். ஐடிலிங்கில் த்ராட்டில் என்ற காற்றுக் கதவு மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு உறிஞ்சும் வேகம் அதிகம். மொத்தக் காற்றும் அப்போது கொஞ்சம்தான் என்பதால் சின்ன ஓட்டைகூடப் பெரிதாகத் தெரியும். தேடினால், எஞ்சினுக்குப் பின்பக்கம், எஞ்சினுக்குள் கசியும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி குழாயின் ரப்பர் முழங்கை இற்றுப்போய் வெடித்திருந்தது. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி, கணக்கில் வராத காற்று அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. ரப்பர் துண்டு ஒன்றை மாற்றியதும் குறியீடு போய்விட்டது.

அமெரிக்கர்கள் பிக்கப்பையும் சேர்த்துச் சொல்லும் 'ட்ரக்' என்பதை 'லாரி' என்று எழுதுவதும் இதோடு சேர்ந்த தொல்லைதான். நம் ஊர் லாரி டீசலில் ஓடுவது. டீசல் எஞ்சின் இயல்பாகவே தேவைக்கு மிஞ்சிய காற்றோடு ஓடும், அது கோளாறே இல்லை. லாரி டிரைவர் ஒருவர் 'லாரி எஞ்சின் மெலிந்து ஓடுகிறது' என்று படித்தால் அவருக்கு என்ன புரியும்? அந்தப் பெட்ரோல் வண்டியைப் பிக்கப் என்று எழுதினால் யாரும் குழம்பமாட்டார்கள். இதையெல்லாம் மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

இன்னொன்று. கலவை பற்றாமல் போனதைக் கணினிக்குச் சொல்வது புகைக்குழாயில் இருக்கும் வேறொரு சென்சார். அது பார்ப்பது பெட்ரோலை அல்ல, புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை. அந்தச் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்து வெளிக்காற்று நுழைந்தாலும், ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும், ஆக்ஸிஜன் கூடுதலாகத் தெரிந்து இதே குறியீடு வரலாம். எனவே 'எஞ்சின் பற்றாக்கலவையில் ஓடுகிறது' என்று எழுதுவதும் அவசரம்தான். பி0171க்கு நான் எழுதுவது இப்படி: 'எரிபொருள் பற்றாக்கலவை தெரிகிறது, வரிசை 1.'