தகவமைப்பா, தழுவலா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்கோடி கேரம் மன்றத்தில் சென்ற வாரம் ஒரு மாலை, தன் ஆட்டத்துக்காகக் காத்திருந்த பையன் ஒருவன் கைப்பேசியில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் கணினி விளையாட்டைப் பற்றிய அதில், "இது ஒரு மேசை விளையாட்டின் தகவமைப்பு" என்று தமிழ்க் குரல் நான்கைந்து முறை சொன்னது. அவன் என் பக்கம் திரும்பி, "தகவமைப்புன்னா ஒட்டகம் பாடத்துல வருமே, அதுவாண்ணா?" என்றான். அவன் ஐயம் முற்றிலும் நியாயமானது. இந்தச் சொல்லை இந்த இடத்தில் நான் பலமுறை கேட்டுப் பொறுத்துவிட்டேன், இனியும் பொறுப்பதற்கில்லை.

'அடாப்டேஷன்' என்பது 'பொருந்தச் செய்தல்' என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. உயிரினம் சூழலுக்குப் பொருந்துவதற்கும், ஒரு படைப்பை வேறொரு வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கும் ஆங்கிலம் அந்த ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தமிழில் முன்னதற்குத் தகவமைப்பு என்றும், பின்னதற்குத் தழுவல் என்றும் தனித்தனிச் சொற்கள் நிலைத்துவிட்டன. இருந்த வேறுபாட்டை அழிக்கிறார்கள் என்பதே என் குறை.

தகவமைப்பு கெட்ட சொல் அன்று. 'தகு' என்னும் வேரிலிருந்து பிறந்த 'தகவு' திருக்குறளிலேயே இருக்கிறது. உயிரியல் பாடநூலுக்கு அது மிகப் பொருத்தமான ஆக்கம். ஆனால் அந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். 'ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது' என்போம். 'தன்னை' என்பதும் 'கொண்டது' என்பதும் அங்கே தாமாக வந்து சேர்கின்றன, ஏனெனில் மாறுவதும் மாற்றுவதும் ஒன்றே. 'அந்த நிறுவனம் ஆட்டத்தைத் தகவமைத்தது' என்று சொல்லிப் பார்த்தால் நாக்கு இடறும். ஆட்டம் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் அதை எடுத்து, எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்திருக்கிறார். அந்த ஒருவரைத் தகவமைப்பு என்னும் சொல் மறைத்துவிடுகிறது. 'நாவலைத் தழுவிய படம்' என்னும்போது தழுவியவரும் இருக்கிறார், தழுவப்பட்டதும் இருக்கிறது.

இதற்கு நம் இலக்கணத்திலேயே அளவுகோல் உண்டு. வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணம், முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும், ஆனால் பின்னவர் வேண்டும் வேறுபாடுகளும் இருக்கலாம் என்பதாகும். பையன் பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டையே அதில் வைத்து அளக்கலாம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டம்தான் அதன் மூலம். அதில் சிலர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். பாத்திரம் செய்ய நினைப்பது பலிக்குமா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கும். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023இல் முழுமையாக வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் அதே பகடை திரையில் உருளுகிறது. அது முடிபு ஒத்தது. மேசை விதிப்படி, திறன் சோதனையில் 1 விழுந்தாலும், பாத்திரத்தின் திறமைக்காகச் சேரும் கூட்டல் எண்கள் கைகொடுத்தால் தப்பிக்கலாம். திரையில் 1 விழுந்தால் தோல்விதான். கதை நடத்துபவரின் இடத்தில் முன்பே பதிவு செய்த குரல் பேசுகிறது. இவை பின்னவர் வேண்டிய வேறுபாடுகள். தழுவல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தழுவல் என்றாலே திரைப்படக்காரர்கள் திருட்டை மறைக்கச் சொல்லும் சொல் என்ற எண்ணம் வந்துவிட்டது, ஆகவே புதுச்சொல் வேண்டும் என்பார்கள் சிலர். சிலர் தவறாகக் கையாண்டதற்காகச் சொல்லைக் கைவிட்டால் தமிழில் எத்தனை சொற்கள் மிஞ்சும்? இதே சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யனாக மேடையேற்றினார். மூலம் எதுவென்று ஒளிக்காத அவ்வகை நாடகங்களைத் தழுவல் என்றே இன்றும் சொல்கிறோம். அதில் யாருக்கும் இழுக்கு வந்துவிடவில்லை. உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார். அந்தச் சொல் எந்தத் துறைக்கு உரியது என்று பார்ப்பதில்லை, வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தும் பார்ப்பதில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் காக்க வேண்டும். சதுரங்கத்தைக் கணினிக்குக் கொண்டுவரும்போது 64 கட்டங்களும் காய்களின் நடையும் அப்படியே வருகின்றன, எதுவும் குறைவதில்லை. அதைப் பெயர்ப்பு என்றால் போதும், தழுவல் என்னும் மதிப்பு அதற்குத் தேவையில்லை. பச்சீசி என்னும் நம் நாட்டுப் பழைய ஆட்டத்திலிருந்து சோழிகளை நீக்கி, ஒரே பகடையை வைத்து, 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை பெற்றார்களே, அது தழுவல்.

"அப்போ போன்ல ஆடுற கேரம் என்னண்ணா?" என்று அவன் கேட்டான். கருப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1, சிவப்பைப் போட்டால் ஃபாலோ போட வேண்டும் என்று விதிகள் எல்லாம் அப்படியே இருப்பதால் பெயர்ப்பு என்றுதான் முதலில் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மன்றத்துப் பலகையின்மேல் அப்போதும் குண்டு பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் காய் ஓடாது. அந்தச் சூட்டில் பலகையைக் காயவைத்து, போரிக் பவுடர் தூவி, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துத்தான் ஆடுவோம். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்ற காசிமாவின் புதுவண்ணாரப்பேட்டை எங்களுக்கு அடுத்த பேட்டைதான். அங்கும் பலகை அப்படித்தான் பழகும். கைப்பேசியில் ஈரமும் இல்லை, பவுடரும் இல்லை. காய் எவ்வளவு தூரம் வழுக்கும் என்பதை எங்கோ ஒருவர் உட்கார்ந்து எண்ணாக எழுதி வைத்திருக்கிறார். அதனால் அதுவும் தழுவல்தான் என்று அவனிடம் சொன்னேன்.